பழைய வண்டி சூடாகுதா? முதல்ல தண்ணி எங்கே போகுதுன்னு பாருங்க

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன எபிசோட்ல கார்புரேட்டர் பத்திப் பேசினோம். அதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: "வண்டி ஹீட் ஆகுது, என்ன மாத்தணும்?" இன்னிக்கு அதைத்தான் எடுத்துக்கப் போறேன். ஆனா "என்ன மாத்தணும்"ங்கறதைக் கடைசிக்குத் தள்ளி வைப்போம். எப்போ சூடாகுது, தண்ணி குறையுதா, குறைஞ்சா எங்கே போகுது. இது தெரியற வரைக்கும் ஸ்பேனரைக் கையில எடுக்க வேண்டாம். இதை நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டவன்.

எங்க வீட்டு வண்டி 1984 அம்பாசடர். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். பிரிட்டிஷ்காரன் பி-சீரிஸ்னு சொல்ற குடும்பம், எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் கார்ல இருந்ததும் இதே குடும்பம்தான். அப்பா வாங்கி, அப்பாவே ஓட்டினது. அவருக்கு 80 முடியற வருஷம், சதாபிஷேகத்துக்கு நாள் குறிச்சாச்சு. "மண்டபத்துக்கு நானும் அம்மாவும் நம்ம வண்டியிலதான் வருவோம்"னு சொல்லிட்டார்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, சித்திரை வெயில்ல, காவிரிப் பாலத்து மேல வண்டி நின்னுபோச்சு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து மாம்பழச்சாலை வரைக்கும் வண்டிங்க நகரவே இல்லை. பானெட் இடுக்குல ஆவி. நான் தடுக்கறதுக்குள்ள அப்பா துண்டைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகிட்டார். முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு.

மூடியைத் தொடாதீங்க

அதனால முதல் விஷயம் இதுதான். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, அது ஒரு வால்வு. 7 பவுண்டு மூடின்னா, உள்ளே அந்த அளவு அழுத்தம் ஏறின பிறகுதான் வழி விடும். அந்த அழுத்தத்துல தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 111 டிகிரி பக்கம் போகணும். வெயிட் போட்ட குக்கர் மாதிரி. நீங்க மூடியைத் திறந்த நிமிஷம் அழுத்தம் போயிடும், உள்ளே 100-ஐத் தாண்டி நிக்கற தண்ணி ஒரே நேரத்துல கொதிச்சு, ஒரு பங்கு ஆவியாகி, மீதித் தண்ணியையும் தள்ளிக்கிட்டு மேல வரும். துண்டு அதைத் தாங்காது. மேல் ஹோஸைத் தொட்டா கை தாங்கற சூடுக்கு வர்ற வரைக்கும், அரை மணியோ முக்கால் மணியோ, ஓரமா நிறுத்திட்டுக் காத்திருங்க. சூடான இன்ஜின்ல பச்சைத் தண்ணியை ஊத்தறதும் கூடாது. வார்ப்பிரும்பு ஹெட்டு, விரிசல் விடலாம்.

நிக்கும்போதா, ஓடும்போதா?

அதுக்கு அப்புறம் நான் செஞ்சது எல்லாமே தப்பு. முதல் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டார். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" நானும் தலையாட்டினேன். சரியாகலை. ரேடியேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணினோம். சரியாகலை. இன்னொருத்தர் வாட்டர் பம்ப்னார், புதுசு போட்டோம். அதுக்கு அப்புறம் முன்னைவிட மோசம். கடைசியா, "இன்ஜினை இறக்கணும்"னு சொல்லி ஒரு தொகை சொன்னாங்க. வீட்டுல ஒருத்தர், "காயலான் கடைக்குப் போட்டுட்டு அன்னிக்கு ஒரு டாக்ஸி வெச்சுக்கலாமே"ன்னார். அப்பா ஒண்ணும் சொல்லலை. கையில கட்டோட திண்ணையில போய் உக்காந்துட்டார்.

மறுநாள் விடிகாலை, டிராஃபிக் இல்லாத நேரம், நான் தனியா முக்கொம்பு வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன். போக வர முள் நடுவுலேயே நின்னுது. திரும்பி வந்து சத்திரத்துல பத்து நிமிஷம் நின்னேன், முள் ஏற ஆரம்பிச்சது. அப்பதான் புத்தி வந்தது. ஓடும்போது சூடாகலைன்னா, காத்து வந்தா இன்ஜின் ஆறிடுதுன்னு அர்த்தம். அப்போ ரேடியேட்டர் அடைப்பு பெரிசா இல்லை, பம்ப் தண்ணியைத் தள்ளுது. நிக்கும்போது காத்து கொடுக்கறது ஃபேன் ஒண்ணுதான். அங்கேதான் பார்க்கணும்: பெல்ட் தளர்வா, ஃபேன் சரியா, ஐடில் ரொம்பக் கம்மியா.

உங்க வண்டி இதுக்கு நேர்மாறா, டவுன்ல சும்மா இருந்துட்டு ஹைவேல 60-70-ல போகும்போது சூடானா, வேற இடத்துல பாருங்க. ரேடியேட்டர் குழாய்ல உப்பு படிஞ்சிருக்கலாம். இக்னிஷன் டைமிங் பின்னாடி போயிருக்கலாம். பெட்ரோல் கலவை லீனா இருக்கலாம். கீழ் ஹோஸ் நைஞ்சுபோய், வேகத்துல பம்ப் உறிஞ்சும்போது சப்பிக்கிட்டு நிக்கலாம். இந்தக் கடைசி விஷயம் வண்டி நிக்கும்போது தெரியாது. ஒருத்தரை ஆக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொல்லி ஹோஸைப் பார்க்கணும்.

தண்ணி எங்கே போகுது?

அன்னிக்கு சாயங்காலம் அப்பா டாஷ்போர்டுலேர்ந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார். பெட்ரோல், ஆயில், காத்து, தண்ணி, எல்லாம் தேதி போட்டு எழுதற பழக்கம் அவருக்கு. தண்ணிக் கணக்கைப் பார்த்தேன். வருஷக்கணக்கா மாசத்துக்கு ஒரு டம்ளர். பொங்கலுக்கு அப்புறம் திடீர்னு வாரம் அரை லிட்டர். அதுக்கு மேல் வரியில அவர் கையெழுத்துல: "ரேடியேட்டர் மூடி புதுசு."

பழைய மூடியையும் அவர் தூக்கிப் போடலை. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். புது மூடி வெளியே கச்சிதமா உக்காருது. ஆனா உள்ளே இருக்கற ரப்பர் வாஷர், ரேடியேட்டர் கழுத்துக்குள்ள இருக்கற விளிம்பைத் தொடவே இல்லை, கால் அங்குலம் குட்டை. அப்போ அழுத்தமே ஏறாது. 100 டிகிரியிலேயே கொதிச்சு, ஓவர்ஃப்ளோ குழாய் வழியா ரோட்டுல போயிடும். வண்டி வீட்டுக்கு வந்து நிக்கும்போது கீழே ஒரு சொட்டு இருக்காது. பழைய வண்டியில வழியற தண்ணியைப் பிடிச்சு வைக்கற பாட்டில் கிடையாது, அதனால போனது போனதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தினா கொஞ்சம் வெளியே போறது இயல்பு. தண்ணி சூடாகி 100 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 4 சதவீதம் விரியும். 8 லிட்டர் பிடிக்கற வண்டின்னா 300 மில்லிக்கு மேல. அதனால கழுத்துக்கு ஒரு அங்குலம் கீழேயே நிறுத்துங்க. அதுக்கு அப்புறமும் குறைஞ்சாத்தான் கவலை.

மூடி சரியா இருந்தும் குறைஞ்சா, வாட்டர் பம்ப் அடியில இருக்கற சின்னத் துளை, ஹோஸ் கிளாம்ப், பிளாக் பக்கவாட்டுல இருக்கற வட்டத் தகடு மூடிகள், இங்கெல்லாம் துருக்கறை இருக்கான்னு பாருங்க. எங்கேயும் இல்லைன்னா உள்ளே போகுது. ஆயில் மூடிக்கு அடியில பால் காபி நிறத்துல கசடு, சூடான பிறகும் நிக்காத வெள்ளைப் புகை, குளிர்ந்த இன்ஜினை மூடி இல்லாம ஸ்டார்ட் பண்ணினா ரேடியேட்டர்ல விடாம குமிழி. இதெல்லாம் ஹெட் கேஸ்கட் போனதுக்கு அடையாளம். அப்போதான் ஹெட்டைக் கழட்டற பேச்சு. எங்க வண்டியில இதுல ஒண்ணுகூட இல்லை.

காகிதச் சோதனை

சரியான மூடி போட்டதும் தண்ணி குறையறது நின்னுது. ஆனா நின்னா சூடு மட்டும் போகலை. பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓட விட்டு, ரேடியேட்டருக்கு முன்பக்கம் ஒரு பேப்பரை நீட்டினேன். நல்ல ஃபேன்னா பேப்பர் வலையில ஒட்டிக்கணும். எங்க பேப்பர் சும்மா ஆடிட்டு விழுந்தது. பெல்ட் டைட்டாத்தான் இருந்தது. இன்ஜினை நிறுத்திட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தா, பம்ப் மாத்தினப்போ ஃபேனை முன்பின்னா திருப்பி மாட்டியிருக்காங்க! காத்து போற திசை மாறாது, ஆனா இறக்கையோட குழிவு தப்பான பக்கம். கரண்டியைக் கவுத்துப் பிடிச்சுக் குழம்பு எடுக்கற மாதிரி. நாலு போல்ட், அரை மணி நேர வேலை.

அதாவது முதல் கோளாறு ஒரு மூடி. ரெண்டாவது கோளாறு, முதல் கோளாறைத் தேடும்போது நாங்களே உண்டாக்கினது. ஒரு நேரத்துல ஒண்ணு மாத்துங்க, ஓட்டிப் பாருங்க, எழுதி வைங்க.

தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் போட்டேன். அது இல்லாட்டி இன்ஜின் சீக்கிரம் வேலைச் சூடுக்கு வராது; கிட்ட கிட்ட ஓட்டற வண்டியில பெட்ரோல் வீண், ஆயில்ல கசடு. போடறதுக்கு முன்னாடி ஒரு பாத்திரத்துத் தண்ணியில போட்டு அடுப்புல வைங்க, கூடவே தெர்மாமீட்டர். அது மேல அடிச்சிருக்கற எண்ணுக்குப் பக்கத்துல திறக்க ஆரம்பிக்கணும். திறக்கலைன்னா புதுசு வாங்குங்க.

கூலன்ட்

போர் தண்ணி ஊத்தாதீங்க. கெட்டில்ல படியற அதே வெள்ளை உப்புதான் பிளாக்குக்குள்ளேயும் படியும், சூடு வெளியேறாது. டிஸ்டில்ட் வாட்டர்ல மூணுல ஒரு பங்கு கூலன்ட் நம்ம ஊருக்குப் போதும். கூலன்ட் அதிகமானா குளிர்ச்சி அதிகம்னு நினைக்காதீங்க; கிளைகாலைவிட தண்ணிதான் சூட்டை அதிகம் சுமக்கும். கூலன்ட் முக்கியமா துருவைத் தடுக்கத்தான். நிறத்தைப் பார்த்து வாங்காம, பித்தளை ரேடியேட்டருக்கு ஏத்ததான்னு டப்பாவுல படிங்க. பழசை வடிக்கும்போது தெருவுல விடாதீங்க. அது இனிக்கும், நாய் பூனை நக்கும், விஷம்.

சதாபிஷேகத்தன்னிக்குக் காலையில அம்மாவும் அப்பாவும் பின்சீட்டுல. ராஜகோபுரம் பக்கம் எப்பவும் போல நெரிசல், ஏழெட்டு நிமிஷம் நின்னோம். அப்பா ரோட்டைப் பார்க்கலை, என் தோளுக்கு மேல எட்டி முள்ளையே பார்த்துட்டு இருந்தார். முள் நடுவுலேயே நின்னுது. மண்டபத்துல இறங்கினதும் என்கிட்ட சொன்னது ஒண்ணுதான்: "நோட்டுல எழுதிடு."

அடுத்த எபிசோட்ல டிரம் பிரேக் பத்திப் பேசலாம்.