ஒரே புற்றுநோய், வேறு வேறு முடிவு ஏன்?



ஒரே நோய். ஒரே நான்காம் கட்டம். ஒருவர் பல ஆண்டுகள் இருக்கிறார். இன்னொருவர் ஓராண்டுக்குள் போய்விடுகிறார். பெருங்குடல் புற்றுநோய் நுழைந்த வீடுகளில் "ஏன் இப்படி?" என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. சிலர் தலையெழுத்து என்பார்கள். சிலர் மருத்துவரைக் குறை சொல்வார்கள். ஆனால் விடையின் ஒரு முக்கியப் பகுதி, அந்தக் கட்டியின் மரபணுக்களில் இருக்கிறது.

செல் எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் சுவிட்சுகளைப் போன்றவை சில மரபணுக்கள். அவற்றில் ஒன்று கேராஸ். பெருங்குடல் புற்றுநோய் கண்டவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு இந்தச் சுவிட்சு பழுதாகி, எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. செடுக்சிமாப் என்ற மருந்து, செல்லின் வெளிப்புறத்தில் வரும் வளர்ச்சிக் கட்டளையைத் தடுக்கும். ஆனால் உள்ளே இருக்கும் சுவிட்சே கெட்டுப்போயிருந்தால், வெளியே தடுத்து என்ன பயன்? இந்த உண்மை 2008இல் வெளியான ஆய்வுகளில் தெளிவானது. அதனால்தான் இந்த மருந்தைக் கொடுப்பதற்கு முன் மரபணுச் சோதனை அவசியமாயிற்று. பலன் தராத மருந்துக்காகப் பணத்தையும் உடம்பையும் வீணாக்க வேண்டியதில்லை அல்லவா?

அடுத்தது பிராஃப். முற்றிய நோய் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவானவர்களிடம் காணப்படும் மாற்றம் இது. நெடுங்காலமாக இதுவே மிகக் கெட்ட செய்தியாக இருந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2025இல் வெளியான பிரேக்வாட்டர் ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 15.1 மாதம். எங்கோராஃபெனிப், செடுக்சிமாப் ஆகிய இரண்டையும் கீமோதெரப்பியோடு சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 30.3 மாதம். ஏறக்குறைய இரு மடங்கு!

இடைநிலை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 30 மாதம் என்றால் 30 மாதத்தில் எல்லாம் முடிந்தது என்று பொருளல்ல. பாதிப் பேர் அதைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்றுதான் பொருள். நோயாளியின் கட்டிலருகே நாள் குறிப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது, பிழைதிருத்தும் மரபணுக்கள். பத்திரிகையில் அச்சுப்பிழை பார்ப்பவர் இருப்பதுபோல, செல் பிரதி எடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்த சில மரபணுக்கள் உண்டு. முற்றிய பெருங்குடல் புற்றுநோயாளிகளில் சுமார் 5 விழுக்காட்டினரின் கட்டியில் இவை வேலை செய்வதில்லை. பிழைகள் குவிந்து, செல் விகாரமாகிறது. அந்த விகாரமே அதைக் காட்டிக்கொடுத்தும் விடுகிறது! உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் பெம்பிரோலிசுமாப் மருந்து இவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. 307 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் கீமோவில் 8.2 மாதம், இந்த மருந்தில் 16.5 மாதம்.

குடல்வால், அதாவது அப்பெண்டிக்ஸில் வரும் புற்றுநோயோ மிக அரிது. நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் 1993 ஜனவரியில் 63ஆம் வயதில் இறந்தது இந்த நோயால்தான். கூழ்போன்ற திரவம் வயிறு முழுதும் பரவும் வகையில், ஜிஎன்ஏஎஸ் என்ற மரபணு மாற்றம் அதிகம் காணப்படுகிறது; பெருங்குடல் புற்றுநோயில் அது அபூர்வம். அண்டை வீடு என்பதால் இரண்டு குடும்பமும் ஒன்றாகிவிடாது. மெதுவாக வளரும் குடல்வால் கட்டிகளுக்குப் பெருங்குடலுக்கான கீமோ பலன் தரவில்லை என்று 2023இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. அவற்றுக்குக் கட்டிகளை முழுமையாக அகற்றும் அறுவைச் சிகிச்சையே முதன்மையானது. அதோடு வயிற்றுக்குள் சூடான மருந்தைச் செலுத்திக் கழுவும் முறையும் உண்டு.

இங்கே ஓர் அச்சம் எழும். மரபணு என்றாலே பிள்ளைகளுக்கும் வருமோ என்ற அச்சம். மகளின் திருமணம் தடைபடும் என்று நோயையே மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மேலே சொன்ன கேராஸ், பிராஃப் மாற்றங்கள் கட்டியில் மட்டும் உண்டாகுபவை. அவை பரம்பரைச் சொத்தல்ல. பிழைதிருத்தும் மரபணுவில் மட்டும் எச்சரிக்கை தேவை. சிலருக்கு அந்தக் குறை பிறவியிலேயே இருக்கும். லிஞ்ச் குறைபாடு என்பார்கள். அது ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட குடும்பத்தில் மறைப்பதுதான் ஆபத்து. சொன்னால் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, பிள்ளைகள் எல்லாரும் இளவயதிலேயே குடல் பரிசோதனை செய்துகொண்டு தப்பிக்கலாம்.

ஆகவே, முற்றிய குடல் புற்றுநோய் என்று தெரிந்ததும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை மாதம்?" என்பதல்ல. "ராஸ், பிராஃப், பிழைதிருத்தும் மரபணு, இந்த மூன்றையும் சோதித்தாயிற்றா?" என்பதே. நோயில்லாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. 50 வயதைக் கடந்தவர்கள் மலத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று காட்டும் எளிய சோதனையைச் செய்துகொள்ளுங்கள். கூச்சம் ஒரு நிமிடம். உயிர் ஒரு வாழ்நாள்.