குண்டு விழுந்த எல்லை
(திண்டிவனத்தில் தமிழன்பர்களிடையே ஆற்றிய உரை)



விழுப்புரத்தார்க்கும் திண்டிவனத்தார்க்கும் செஞ்சிக்கோட்டை அண்டை வீடு போன்றது. அங்கிருந்து ஆண்டவர் 1690ஆம் ஆண்டில் செய்த ஒரு விற்பனையை இன்று அறிந்தோர் எத்துணைப் பேர்?

1680களிலேயே, திண்டிவனத்திற்குத் தென்கிழக்கே, கூனிமேட்டுக் கடற்கரையில் ஆங்கில வணிகர் பண்டகசாலை வைத்திருந்தனர். துணி வாங்க வந்தவர்க்குப் பண்டகசாலை போதவில்லை, கோட்டை வேண்டியிருந்தது. செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னன் இராசாராமுக்கோ, முகலாயரை எதிர்க்கப் பொருள் வேண்டியிருந்தது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டை விலைப்பட்டது. சென்னையில் ஆங்கிலக் குழும ஆளுநராயிருந்த எலிகு ஏல் அதனை வாங்கினார்.

கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவளவும் என்பது உடன்பாடு! ஆங்கிலர் நெடுந்தொலைவு சுடவல்ல பித்தளைப் பீரங்கியைச் சென்னையினின்று கொணர்ந்தனர், திசைதோறும் சுட்டனர். குண்டு விழுந்த இடமே எல்லையாயிற்று. கடலூரும் சுற்றியுள்ள சிற்றூர்களும் அவ்வட்டத்துள் அடங்கின.

விற்றவன் மராட்டியன், வாங்கியவன் ஆங்கிலன், விலைப்பட்டதோ தமிழ்மண்! அம்மண்ணை உழுதவனும், தறியில் நெய்தவனும், கடலில் வலைவீசியவனும் அவ்வுடன்பாட்டில் ஒரு தரப்பினர் அல்லர்.

இஃது இம்மண்ணுக்கு மட்டும் நேர்ந்த கொடுமையன்று. மேலை ஆப்பிரிக்கக் கடற்கரையில் எல்மினா என்னும் ஊரில் 1482இல் போர்த்துக்கீசியர் கோட்டை கட்டினர். 1637இல் ஒல்லாந்தர் அதனைப் பறித்தனர். 1872இல் ஆங்கிலர்க்குக் கைமாற்றினர். ஊர்மக்களும் அவர்தம் மன்னன் கோபினா கியானும் இசையவில்லை. ஆங்கிலர் மன்னனை நாடு கடத்தினர். 1873இல் அப்பழைய ஊரையே குண்டு வீசித் தகர்த்தனர். விலைபேசியவர் ஈரிடத்தும் பிறரே. கேட்கப்படாதவர் ஈரிடத்தும் மண்ணின் மக்களே.

மண்ணைக் கொண்டவர் பெயரையும் விட்டாரல்லர். கூனிமேட்டைக் 'கொனிமேர்' என்றனர். செஞ்சியைச் 'சிஞ்சி' என்றனர். தேவனாம்பட்டினக் கோட்டைக்குத் தூய தாவீது கோட்டை என்று பெயரிட்டனர். முடிவு யாது? 1758இல் பிரஞ்சுப் படைத்தலைவன் இலாலி அக்கோட்டையை இடித்தான். தேவனாம்பட்டினமோ இன்றும் தேவனாம்பட்டினமே! குண்டு விழுந்த ஊர்களைக் குண்டுக் கிராமங்கள் என்றே மக்கள் வழங்கினர். ஏட்டில் இடம்பெறாத குடிகள், தம் நாவில் அவ்வரலாற்றைக் காத்தனர்.

ஆதலின் தமிழர்களே, ஊர்ப்பெயரைச் சிதைய விடாதீர்கள்! பிள்ளைகளைச் செஞ்சிக்கும் கூனிமேட்டிற்கும் அழைத்துச் சென்று இவ்விற்பனையை எடுத்துரையுங்கள். மண்ணின் மக்களைக் கேளாது மண்ணை விலைபேசும் எவரையும், அவர் எம்மொழியினராயினும், கேள்வி கேளுங்கள்!

வெல்க தமிழ்!