கைகாட்டி விளக்கு எரியாத இரவு

(மழைக்கால உதவிக் குழுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, மஹல்லா இளைஞர்களே! மழைக்காலம் வருகிறது, குழு அமைக்க வேண்டும் என்று உங்களை அழைத்துவிட்டு ரயில் நிலையக் கதை சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

தனுஷ்கோடிக்கு இப்போது சுற்றுலா போகிறோம். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டது. பிள்ளைகள் இடிந்த சுவர்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுவர்களில் சில ரயில் நிலையத்தினுடையவை. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு சேரலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். போட் மெயில் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். கொழும்பில் கடை வைத்திருந்த நம் மக்களும், தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழைகளும் இந்த வழியாகப் போனார்கள். தோட்டத்துக் கூலிகளை மட்டும் மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் கப்பல் ஏற்றுவார்கள். ஒரே பாதையில் இரண்டு விதமான மரியாதை!

தபால் நிலையம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் இருந்த ஊர் அது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு எல்லாம் போனது. அது ஷஃபான் மாதம். நோன்புக்கு ஏறக்குறைய இரண்டு வாரமே இருந்தது.

அந்தமான் பக்கம் உருவான புயல் இலங்கையைக் கடந்து பாம்பன் பக்கம் வந்தது. நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி நிலையத்துக்குச் சில நூறு கெஜ தூரத்தில் நின்றது. கைகாட்டி விளக்கு எரியவில்லை. நிலையத்திலிருந்து எந்தத் தகவலும் இல்லை. டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, விசில் ஊதியபடி ரயிலை நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. அப்போது எழுந்த பேரலை ரயிலை மூடிவிட்டது. கணக்கில் இருந்தவர்கள் 110 பயணிகளும் 5 ஊழியர்களும். ஒருவரும் பிழைக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியிருந்தவர்கள் எத்தனை பேரோ, அல்லாஹ்வே அறிவான். தந்தியும் தொலைபேசியும் அறுந்துபோனதால் வெளியே செய்தி தெரிய ஏறக்குறைய இரண்டு நாளாயிற்று.

அந்த டிரைவரை நான் குறை சொல்ல மாட்டேன். இருட்டிலும் மழையிலும் நின்றவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் விளக்கு எரியாததை நினைத்தால் என் மனம் வேறொரு இடத்துக்குப் போகிறது.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் நம் மாவட்டத்தில் கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அன்று மாலை நம் உதவிப் பட்டியலில் இருந்தவர்களுக்கு வரிசையாகப் போன் செய்தேன். தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியின் போன் கிடைக்கவில்லை. டவர் இல்லை, அவ்வளவுதான், தேவை என்றால் யார் மூலமாவது சொல்லி அனுப்புவார் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், ஓடு சரிந்து காலில் விழுந்து, நனைந்த கட்டிலிலேயே கிடந்தார். பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதன்பிறகு கைத்தடி இல்லாமல் அவரால் நடக்க முடியவில்லை. “நீ வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி” என்றார். அவர் எதையும் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் போகவில்லை. அதே புயலில் உடைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். ராமேசுவரம் வரை ரயில் ஓடியது. தனுஷ்கோடியை மட்டும் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. கப்பல் ராமேசுவரத்திலிருந்து போய், 1980களில் அதுவும் நின்றது. தனுஷ்கோடிக்குப் புதிய பாதை போட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் இன்னும் வரவில்லை.

சரி, நம் காரியத்துக்கு வருகிறேன். நமக்கு ஒரு பக்கம் வெள்ளாறு, ஒரு பக்கம் வீராணம். எச்சரிக்கை இப்போது போனிலேயே வந்துவிடுகிறது. அது பெரிய நிஃமத். ஆனால் புயல் அடித்த பிறகு போன் இருக்காது. ஆகவே இந்த ஆண்டு போன் பட்டியல் போதாது என்று நிர்வாகத்தில் முடிவு செய்திருக்கிறோம். தனியாக இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், படுக்கையில் இருப்பவர்கள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அதே தெருவில் இரண்டு இளைஞர்கள் பொறுப்பு. காற்று அடங்கியதும் நேரில் போய்க் கதவைத் தட்டி, ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு வந்து சொல்ல வேண்டும். பதில் வராத வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். மாற்று மதச் சகோதரர்களின் வீடுகளும் இதில் உண்டு.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இஷா தொழுகைக்குப் பிறகு அலுவலக அறைக்கு வாருங்கள். நோட்டு மேசையில் இருக்கும். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் யார் என்பதைத் தாய்மார்கள்தான் சரியாகச் சொல்ல முடியும். அதையும் இன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வஸ்ஸலாம்.