திருத்தத்திற்கும் சேர்த்துத்தான் விலை



நான் 2009-ல் மெக்கானிக்கல் முடித்தவன். இன்று ஒரு தொழிற்சாலையில் டிராயிங் பிரிவில் பொறியாளர். ஆனால் பேச வந்தது மெஷினைப் பற்றி அல்ல. நம் கல்லூரி மைதானத்தில் நான் கற்ற கராத்தேயைப் பற்றி.

கராத்தேயில் 'கட்டா' என்று உண்டு. எதிராளி இல்லாமல், வரிசை மாறாமல் செய்யும் அடவுகள். ஷோட்டோகானில் முதல் கட்டாவான 'ஹெயான் ஷோதான்' வெறும் 21 அசைவுகள்தான். ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். சரியாக வர ஆயுசு போதாது. ஒகினாவாவின் இதோசு மாஸ்டர் பள்ளிப் பிள்ளைகளுக்காக 'பினான்' என்ற பெயரில் அமைத்த ஐந்தில் ஒன்று இது. அவர் மாணவர் ஃபுனகோஷி பெயரை மாற்றினார். முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றினார். 1922-ல் அவர் எழுதிய புத்தகத்தின் அச்சுத் தகடுகள் 1923 நிலநடுக்கத்தில் அழிந்தபோதும் ஓயவில்லை. 1925-ல் மறுபடி ஒரு புத்தகம், 1935-ல் இன்னும் விரிவாக ஒன்று. குருவே திருத்திக்கொண்டிருந்த கலை இது.

எங்கள் மாஸ்டரும் அப்படித்தான். கட்டாக்களைக் கையால் படம் வரைந்து, 60 பக்கம் ஸ்பைரல் பைண்டிங் செய்து, 300 ரூபாய்க்குக் கொடுப்பார். 2007-ல் நான் ஒன்று வாங்கினேன். பிறகு செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜெராக்ஸ் எடுத்து, ஹாஸ்டலில் 22 பேருக்குத் தலைக்கு 30 ரூபாயில் கொடுத்தேன். "இந்தப் பேப்பருக்கு 300 ரூபாயா?" என்று சிரித்தோம்.

மறு வருடம் ஜூனியர் ஒருவன் முட்டிவலி என்று வந்தான். மாஸ்டர் அவன் நோட்டைப் புரட்டினார்.

"இது போன வருஷத்துப் படம் தம்பி. இதுல முட்டி உள்பக்கம் சாயுது. பாதம் பாக்குற பக்கமே முட்டி மடங்கணும்னு மாத்திட்டேனே! வாங்கினவங்க எல்லாருக்கும் திருத்தத் தாள் குடுத்தேன். உன் பேரு என் லிஸ்ட்ல இல்லையேப்பா?"

எனக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் போய் ஒப்புக்கொண்டேன். "பணத்தை மெதுவா குடுக்கிறேன் மாஸ்டர்" என்றேன். "பணம் கிடக்கட்டும். மொதல்ல அந்த 22 பேர் பேரைச் சொல்லு" என்றார். எழுதிக்கொண்டு, 22 திருத்தத் தாள்களை என் கையில் கொடுத்தார். ரூம் ரூமாகப் போய்க் கொடுத்தேன். டியூஷன் எடுத்து, எட்டு மாதத்தில் பணத்தையும் அடைத்தேன்.

வேலைக்குப் போன பிறகுதான் இதன் முழு அர்த்தம் புரிந்தது. எங்கள் டிராயிங்கில் 'கன்ட்ரோல்டு காப்பி' என்று முத்திரை இருக்கும். யாரிடம் இருக்கிறது என்பது பதிவேட்டில் இருக்கும். திருத்தம் வந்தால் அவருக்குப் போய்ச் சேரும். முத்திரை இல்லாத பிரதியை வைத்துப் பொருள் செய்தால் ஸ்கிராப்தான்.

தம்பி தங்கைகளே, விலை போட்டதெல்லாம் உசத்தி என்று சொல்லவில்லை. விற்பவர் தானும் பயிற்சி செய்கிறாரா, தவறைத் திருத்துகிறாரா என்று பாருங்கள். அப்படிப்பட்டவருக்குக் காசு கொடுங்கள். கையில் இல்லையென்றால் வாய்விட்டுக் கேளுங்கள்; தவணையில் கொடுப்பார்.

அந்த 22 பேரில் சிலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். முட்டி நலமா?