சாலை ஓரமும் ஊரார் கடமையும்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



சாலை வேண்டுமென்று மனுக் கொடுத்து நாம் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. இன்று பெரும்பாலான ஊர்களுக்குத் தார்ச்சாலை வந்துவிட்டது. மாட்டு வண்டி சென்ற தடத்தில் பேருந்தும், லாரியும், டிராக்டரும், அறுவடை இயந்திரமும், மோட்டார் சைக்கிளும் செல்கின்றன. விளைபொருள் விரைவில் சந்தையை அடைகிறது. ஆனால் அதே சாலையில் உயிர்ச்சேதமும் நேரிடுகிறது. 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் இந்திய நாட்டில் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் மாண்டோரில் நூற்றுக்கு 68 பேர் கிராமப்புறச் சாலைகளில் உயிரிழந்தனர். ஆதலால், விபத்து என்பது பட்டணத்துச் சங்கதி என்று நாம் வாளாவிருக்க இயலாது.

"அகலச் சாலையும் பாலமும் கட்டப் பஞ்சாயத்தில் பணம் ஏது?" என்று கேட்பது இயல்பே. ஆயினும் நம் ஊர்ச் சாலையை ஒரு முறை நடந்து பார்த்தால், நெரிசலுக்கும் விபத்துக்கும் காரணமானவற்றுள் பல, சிறு செலவில் நீக்கத்தக்கவை என்பது விளங்கும். பணத்தைக் காட்டிலும் மனவுறுதியே இதற்கு மிகுதியாக வேண்டும். ஏனெனில், சாலையை மறிப்பவர் பெரும்பாலும் நம்மவரே.

முதலாவதாக, பார்வையை மறைக்கும் புதர்களை நீக்க வேண்டும். வளைவுகளிலும், வண்டிப்பாதை சாலையில் வந்து சேரும் முனைகளிலும் சீமைக்கருவேல் மண்டி நிற்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம், ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறது. ஓட்டுபவர் எதிரே வருபவரைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே அத்தூரம் போய்விடும். எனவே, தூரத்திலேயே கண்ணுக்குத் தெரிவதுதான் உயிரைக் காக்கும். இதற்கு வேண்டியவை அரிவாளும் ஒரு நாள் உழைப்புமே. வேரோடு அகற்றினால் மறுபடி தழைக்காது. சாலையோரப் புளிய மரங்களை வெட்ட வேண்டியதில்லை; அவற்றுக்கு வெள்ளைப் பட்டை அடித்தால் இரவில் தெரியும்.

இரண்டாவது, சாலையில் தானியம் காயவைக்கும் வழக்கம். நெல்லையும் உளுந்தையும் பரப்பி, சுற்றிலும் கல்லை வைக்கிறோம். தானியத்தை அள்ளிய பிறகும் கல் அங்கேயே கிடக்கிறது. இரவில் வரும் இருசக்கர வாகனக்காரருக்கு அக்கல் எமனாகிறது. களம் போதாமையால் சாலைக்கு வரும் விவசாயியைக் குறைகூறிப் பயனில்லை. பழைய களங்களைச் செப்பனிட்டு, அறுவடைக் காலத்தில் முறை வைத்துப் பயன்படுத்தப் பஞ்சாயத்து ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரையில் பேருந்துச் சாலையிலும் வளைவிலும் பரப்பலாகாது. பொழுது சாய்ந்த பின் தானியமும் கல்லும் சாலையில் இருத்தலாகாது.

மூன்றாவது, சாலையின் மண் ஓரம். தார் மேல் தார் போடுவதால் சாலை உயர்கிறது; ஓரம் பள்ளமாகிறது. எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்குபவர் சறுக்கி விழுகிறார். கிராவல் மண் கொட்டிக் கெட்டிப்படுத்தினால் இத்தீங்கு நீங்கும். சாலையை ஒட்டிய கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாயம் வேண்டும். 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் அருகே சாலையோரக் கிணற்றில் வேன் கவிழ்ந்து ஐவர் மாண்டனர். இத்தகைய கிணறு நம் ஊரில் எங்கே இருக்கிறதென்று நாம் ஒவ்வொருவரும் அறிவோம்.

நான்காவது, சந்தை நாள் நெரிசல். கடைகள் தார் வரை வருகின்றன. மோட்டார் சைக்கிள்கள் இருபுறமும் நிற்கின்றன. லாரியில் சரக்கு இறக்குவதும் அந்த நேரத்தில்தான். சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, கடைகள் கோட்டுக்குள் இருக்கச் செய்யலாம். வண்டி நிறுத்த ஒரு புறத்தை மட்டும் ஒதுக்கலாம். விடியுமுன் சரக்கை இறக்கிவிடச் சொல்லலாம். சந்தையைக் குத்தகைக்கு விடும்போதே இவற்றை நிபந்தனையாகச் சேர்த்தால், குத்தகைதாரரே கண்காணிப்பார். முச்சந்தியிலேயே பேருந்து நிற்பதை மாற்றிச் சற்றுத் தள்ளி நிறுத்துமாறு போலீஸாரையும் போக்குவரத்து அதிகாரிகளையும் கேட்கலாம்.

ஐந்தாவது, வேகத்தடை. விபத்து நடந்த மறுநாளே ஊரார் கூடி மேடு போட்டுவிடுவது உண்டு. செங்குத்தான மேடு, தானே விபத்தை விளைவிக்கும். அவசர ஊர்தியில் செல்லும் கர்ப்பிணிக்கும் கேடு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி, வேகத்தடை நடுவே 10 சென்டிமீட்டர் உயரத்தில், வளைந்த வடிவில் அமைய வேண்டும். கறுப்பு வெள்ளைப் பட்டையும், முன்பாக எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். நெடுஞ்சாலைத் துறைச் சாலையாயின் அத்துறையின் அனுமதியின்றி அமைத்தலாகாது.

ஆறாவது, இரவில் தெரியாத வண்டிகள். கரும்பும் வைக்கோலும் ஏற்றிய டிரெய்லரின் பின்விளக்கு பாரத்தில் மறைந்துபோகிறது. ஒளியைப் பிரதிபலிக்கும் சிவப்புப் பட்டையைப் பின்புறம் ஒட்டுவதற்கு ஆகும் செலவு சொற்பமே. மாட்டு வண்டிக்கும் இது பொருந்தும். சிறுவரிடம் வண்டியைக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பாதுகாவலருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

இத்தனைக்கும் மேல் விபத்து நேர்ந்தால், தயங்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். நல்லெண்ணத்துடன் உதவுபவருக்கு அதே திருத்தச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. வழக்கில் சிக்குவோம் என்று ஒதுங்கி நிற்க வேண்டுவதில்லை.

இவற்றை எப்படித் தொடங்குவது? கிராம சபை கூடுமுன், உறுப்பினர்களும் ஆசிரியரும் பேருந்து ஓட்டுநர் ஒருவரும் சேர்ந்து, பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் சாலையை நடந்து பார்க்க வேண்டும். புதர், பள்ளம், கிணறு, ஆக்கிரமிப்பு ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும். பஞ்சாயத்துச் சாலைக்குரியதை நாமே செய்வோம். யூனியன் சாலைக்குரியதை யூனியன் அலுவலகத்துக்கும், மற்றதை நெடுஞ்சாலைத் துறைக்கும் தீர்மானமாக அனுப்புவோம்.

இறுதியாக ஒரு சொல். உறுப்பினர் வீட்டு வைக்கோற்போர் சாலையோரத்தில் நிற்குமாயின், ஏழைக் கடைக்காரரின் கீற்றுப் பந்தலைப் பிரிக்கச் சொல்ல நமக்கு வாய் வராது. ஆதலின், பட்டியலில் நம்முடையது ஏதேனும் இருந்தால் அதை முதலில் நாமே அகற்றுவோம். பிறகு ஊரார் தாமே முன்வருவர்.