சரவணபெலகுளா போய் வந்தோம்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



"கடன் தவணை பாக்கி இருக்கும்போது இவங்களுக்கு டூர் ஒரு கேடா?" என்று போன கூட்டத்தில் சிலர் பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. அதனால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். குழு சேமிப்பில் கை வைக்கவில்லை. மாதம் 20 ரூபாய் தனியாக உண்டியலில் போட்டு, இரண்டு வருஷம் சேர்த்த பணம் அது. குறைந்ததை அவரவர் கையிலிருந்து போட்டோம். தவணை பாக்கி இருந்த இரண்டு பேரும் அதைக் கட்டிவிட்டுத்தான் வேனில் ஏறினார்கள்.

ஊர் கர்நாடகாவில் ஹாசன் மாவட்டம். சமணர்களுக்குப் பெரிய புண்ணியத் தலம். இரண்டு குன்று, நடுவில் ஒரு குளம். பெரிய குன்றுக்கு விந்தியகிரி என்று பெயர். பாறையிலேயே வெட்டிய படிகள், 600க்கு மேல். செருப்பைக் கீழேயே கழற்றிவிட வேண்டும். நாங்கள் காலை எட்டு மணிக்கு ஏறியதால் தப்பித்தோம். இறங்கும்போது கல் சுட்டது பாருங்கள், அதை இன்னும் மறக்கவில்லை!

உச்சியில் 57 அடி உயரத்தில் பாகுபலி நிற்கிறார். கங்க அரசின் அமைச்சர் சாமுண்டராயர் கி.பி. 981 வாக்கில் செய்வித்தது. அண்ணனோடு சண்டையில் ஜெயித்தும் ராஜ்யம் வேண்டாம் என்று தவம் செய்யப் போனவராம். கை காலில் கொடி சுற்றியிருக்கிறது. காலடிப் பாறையில் செய்வித்தவர் பெயர் தமிழிலும் ஒரு வரி வெட்டியிருக்கிறது. பழைய எழுத்து, எங்களால் படிக்க முடியவில்லை.

அவருக்கு எதிரே ஒரு கிழவியின் சிலை. சாமுண்டராயர் குடம் குடமாகப் பால் ஊற்றியும் முழுச் சிலையும் நனையவில்லையாம். இந்தப் பாட்டி ஒரு சின்னக் காய்க்கூட்டில் கொண்டுவந்த பால்தான் பாதம் வரை வழிந்ததாம். குள்ளகாயஜ்ஜி என்கிறார்கள். கதைதான். ஆனாலும் எங்கள் ஆட்கள் அங்கிருந்து நகர ரொம்ப நேரம் ஆனது. 12 வருஷத்துக்கு ஒரு தடவை மகா அபிஷேகம் நடக்கும், 2018-ல் நடந்தது.

எங்கள் மூத்த அக்காவுக்கு முட்டிவலி. டோலி இருக்கிறது என்றோம். "நாலு பேர் என்னைத் தூக்குறது ஒரு தடவை போதும்டி" என்று சொல்லிவிட்டு குளக்கரையில் உட்கார்ந்துவிட்டார். உண்டியலில் ஒரு மாதம்கூடத் தவறாமல் போட்டவர் அவர் ஒருவர்தான். எங்களுக்கு மனசே ஆறவில்லை.

ஊருக்குள் இருக்கிற அக்கன பசதியை 1181-ல் கட்டியவர் ஆச்சியக்கா, ஒரு அமைச்சரின் மனைவி. அங்கே பசதி என்றால் கோயில். சின்னக் குன்றான சந்திரகிரியில் ராணி சாந்தலை 1123-ல் கட்டிய பசதி இருக்கிறது. மௌரிய அரசர் சந்திரகுப்தர் துறவியாகி உயிர் விட்டதும் இந்தக் குன்றில்தான் என்று நம்புகிறார்கள். பெண்கள் கட்டிய கோயில் இத்தனையா என்று கேட்டதும் அக்கா எழுந்துவிட்டார். அங்கே படி குறைவு. பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து, மாறி மாறிக் கை கொடுத்து ஏற்றிவிட்டோம்.

மேலே போய்த் திரும்பினால், எதிர்க் குன்றின் மதிலுக்கு மேலே பாகுபலியின் முகம்! அவர் பார்ப்பதும் இந்தப் பக்கம்தான்.

"நீங்க காலடியில நின்னு அண்ணாந்து பார்த்தீங்க, நான் நேருக்கு நேர் பார்த்தேன்" என்று வேனில் வரும்போதெல்லாம் எங்களைச் சீண்டிக்கொண்டே வந்தார்.

செலவுச் சீட்டுகள் நோட்டில் ஒட்டியிருக்கின்றன. பார்க்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாங்கிப் பார்க்கலாம்.