ஒரு கடையின் சரித்திரம்



கோட்டை யோர்க் வீதியிலுள்ள கார்கில்ஸ் செங்கட்டடத்தைக் காணாதவர் எம்மில் இலர். கட்டடம் 1906 இல் எழுந்தது. கடையோ அதனினும் 62 ஆண்டு மூத்தது.

1844 இல் வில்லியம் மில்ன் என்பவர் கண்டியில் ஒரு பலசரக்குக் கடையைத் திறந்தார். டேவிட் சைம் கார்கில் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். கண்டியில் ஏன்? அன்று பணம் கோப்பித் தோட்டங்களில் இருந்தது. கொழும்போ அலைக்குத் திறந்து கிடந்த சிறு துறை. பெருங்கப்பல்கள் காலியையே நாடின. 1867 இல் கண்டிக்குப் புகையிரதம் ஓடியது. 1875 இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டி 1885 இல் முடித்தனர். கப்பல்கள் காலியை விட்டு இங்கே திரும்பின. கோட்டைக் கடைகளுக்கு யோகம் அடித்தது. கார்கில் துரை 1886 இல் பர்மா எண்ணெய்க் கம்பனியைத் தாபித்தார். அக்கம்பனியின் துணையால் 1909 இல் பிறந்த ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனியே இன்றைய பீ.பி. பலசரக்குக் கடைக் கல்லாப்பெட்டி எங்கே போய் நின்றது பார்த்தீர்களா!

அக்கடை துரைமாருக்கான கடை. கோப்பி பறித்தோரோ தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாய் வந்த நம்மவர். அவர்கள் உண்ட அரிசி அங்கிருந்து போகவில்லை. அரிசி இறக்குமதியில் முன்னின்றோர் கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள செட்டியார் தெருவின் நாட்டுக்கோட்டைச் செட்டிமார். கார்கில்ஸின் ஆண்டுக்கணக்கை ஒப்புவிக்கும் எமக்கு, அத்தெருக் கடை ஒன்றின் பிறந்த ஆண்டையேனும் சொல்ல முடியுமா?

1981 இல் சிலோன் தியேட்டர்ஸ் கார்கில்ஸை வாங்கியது. அந்த நிறுவனத்தை 1928 இல் தொடங்கியவர் சேர் சிற்றம்பலம் கார்டினர் என்னும் தமிழர். 1983 இல் கார்கில்ஸ் தன் முதல் சுப்பர்மார்க்கற்றைத் திறந்தது. அதே 1983 ஜூலையில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகள் எரிந்தன. சரக்கை மீண்டும் வாங்கலாம். பேரேடுகளை எங்கே வாங்குவது? ஒரு கடைக்குப் புத்தகம் உண்டு, மற்றக் கடைகளுக்குச் சாம்பல்தான்.

ஆனால் அக்கடைகளில் கல்லாவில் இருந்தோரும், சரக்கு நிறுத்தோரும், கடனுக்கு வாங்கியோரும் நம்மிடையே இருக்கின்றனர். இச்சபையிலும் சிலர் இருக்கக்கூடும். ஐயாமாரே, அம்மாமாரே, வரும் ஞாயிறு முதல் கொப்பியும் பேனையுமாய் உங்கள் வீட்டுக்கு வருவோம். கடை எந்த ஆண்டு திறந்தது, சரக்கு எந்தக் கப்பலில் வந்தது, கடன் கொப்பியில் யார் யார் பெயர் இருந்தது என்று கேட்போம். சின்ன விஷயம் என்று எதையும் தள்ளிவிடாமல் சொல்லுங்கள்.